கற்பிப்போரும் கற்க வேண்டும்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முழுநேர ஆசிரியர் ஒருவர் ஐந்தாண்டுகளில் 100 மணி நேரத் தொழில்சார் பயிற்சி பெறுதல் வேண்டும். ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்கான கணித விரிவுரைகளும் இதில் அடங்கும். பரமட்டாவில் நம் பிள்ளைகளுக்குக் கணிதம் புகட்டுவோர் இவ்வாறு இடையறாது பயில்பவர்களே.

அங்கே அவர்கள் பயில்வது என்ன? 1990களில் இம்மாநிலத்தில் பரவிய 'கவுண்ட் மீ இன் டூ' திட்டம், விடை சரியா பிழையா என்பதோடு நில்லாது, அவ்விடையைப் பிள்ளை எவ்வாறு கண்டது என்று தனித்தனியே வினவி அறியுமாறு ஆசிரியரைப் பழக்கியது.

எட்டும் ஏழும் எத்தனை? "எட்டுடன் இரண்டைச் சேர்த்தால் பத்து, மீதி ஐந்து, ஆகவே பதினைந்து" என்கிறாள் சிறுமி. வாய்ப்பாட்டை மனனஞ் செய்து வளர்ந்த நாமோ, "இது என்ன புதுக்கணக்கு?" என்று கடிந்துகொள்கிறோம். வகுப்பில் பாராட்டுப் பெற்ற சிந்தனை வீட்டில் குட்டு வாங்குகிறது. நாளடைவில் பிள்ளை வாய்மூடக் கற்றுக்கொள்கிறது.

வாய்ப்பாடு வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. மனனமும் வேண்டும், விளக்கமும் வேண்டும். பதினொன்று என்னும் நம் சொல்லே பத்தும் ஒன்றும் என்று உரைக்கின்றது. ஆங்கிலத்தின் 'இலெவன்' அதனை மறைக்கின்றது. வீட்டில் தமிழில் எண்ணுதல் கணிதத்திற்குத் தடையன்று, துணையே.

ஆகவே, வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் ஆண்டுக்கு ஒரு மாலைப்பொழுதையேனும் பெற்றாருக்கென ஒதுக்கி, ஆரம்பக் கணித ஆசிரியர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்தல் நன்று. ஆங்கிலத்தில் தடுமாறும் பெற்றாருக்கு அருகிருந்து மொழிபெயர்த்து உதவ நம்மிடையே இளைஞர் பலர் உளர்.

யாவும் இழந்து வந்த நமக்கு எஞ்சிய முதல் கல்வி ஒன்றே. ஆசிரியர் கற்கின்றார், பிள்ளை கற்கின்றது, நாம் மட்டும் கற்று முடித்தவர்களா?