பெரார்கஞ்ச் மேடுகளில் சைக்கிள்

தெற்கு அந்தமானின் மலைகள் உயரத்தைக் காட்டி யாரையும் மிரட்டுவதில்லை. பெரார்கஞ்ச் வட்டத்தில் பெயர்பெற்ற மவுண்ட் ஹாரியட்டின் உயரமே 383 மீட்டர்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளையோ மிதித்து ஏறியவருக்கு இந்த எண் அலட்சியத்தைத்தான் தரும். இங்கே ஒரு மணி நேரம் மிதித்த பிறகு அந்த அலட்சியம் தங்காது.

காரணம் நில அமைப்பு. மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்கடியில் தெற்கு நோக்கித் தொடர்கிறது. அதன் முகடுகள் நீருக்கு மேலே தெரியும் இடங்களே அந்தமான் தீவுகள். அதனால் குன்றுகள் வடக்கு தெற்காக வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் ஒடுங்கிய பள்ளத்தாக்குகள். மேட்டில் காடு, பள்ளத்தில் நெல்வயலும் பாக்குத் தோட்டமும் ஊரும். சாலை பள்ளத்தாக்கின் போக்கிலேயே வடக்கே போகும்வரை கால் வலிக்காது. கிழக்கிலோ மேற்கிலோ திரும்பினால் ஒரு முகட்டைக் கடந்தே ஆக வேண்டும். வரைபடத்தில் இதை முதலில் பார்த்துவிட்டால் அன்றைய வழியின் கடுமை பாதி புரிந்துவிடும்.

அந்தமான் நெடுஞ்சாலை, அதாவது தேசிய நெடுஞ்சாலை 4, போர்ட் பிளேரிலிருந்து வடக்கே பெரார்கஞ்ச் வழியாகச் செல்கிறது. 2024இல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டாலும் பேச்சில் பழைய பெயரே ஓடுகிறது. நகரத்தின் நெரிசல் விலகியதும் சிப்பிகாட். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி வடிந்தும் கடல் வடியவில்லை. சிப்பிகாட், ஓக்ராபிராஜ் பக்கத்துத் தாழ்வான வயல்களில் உப்புநீர் நிலைத்துவிட்டது. நெல் விளைந்த பள்ளத்தில் இன்று கொக்கும் நாரையும் மேய்கின்றன. பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கியுடன் வருகிறார்கள். சாலையை உயர்த்திப் போட வேண்டியிருந்தது. இருபுறமும் நீர் நிற்கும் இந்தச் சமதளம்தான் சைக்கிள்காரருக்குக் கிடைக்கும் கடைசி இளைப்பாறல்.

அதன்பின் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். ஊர்ப்பெயர்களும் அப்படித்தான், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. மன்னார்காட், திரூர் ஆகியவை 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மலபார்க்காரர்கள் தங்கள் ஊர் நினைவாக இட்டவை. மைமியோ பர்மியப் பெயர். விம்பர்லிகஞ்ச், ஸ்டூவர்ட்கஞ்ச், காடில்கஞ்ச் எல்லாம் வெள்ளை அதிகாரிகளின் பெயரைத் தாங்கியவை. பெரார்கஞ்சும் 1923 முதல் 1931 வரை தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் ஃபெராரின் பெயரே. தண்டனைக் குடியிருப்பை ஆண்ட அந்த மனிதர் ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சி சேகரித்து, பின்னாளில் அவற்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். ஐக்கிய மாகாணத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட பாந்து மக்கள் 1920களில் இந்தப் பள்ளத்தாக்கில்தான் குடியமர்த்தப்பட்டார்கள்.

குட்டை மேடுகள் ஏன் இவ்வளவு களைப்பூட்டுகின்றன என்பதற்குக் கணக்கு உண்டு. ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடையை 100 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 78 கிலோஜூல் வேலை செய்தாக வேண்டும். அந்த 100 மீட்டர் ஒரே ஏற்றமாக வந்தாலும் துண்டு துண்டாக வந்தாலும் இதில் மாற்றமில்லை. ஒவ்வொன்றும் 40 மீட்டராகப் பத்து மேடு ஏறினால், மலையில் கால் வைக்காமலேயே மவுண்ட் ஹாரியட்டின் உயரத்தைத் தாண்டியாயிற்று. இறக்கத்தில் திரும்பக் கிடைக்க வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றின் எதிர்ப்பும் வளைவுக்கு முன்பு பிடிக்கும் பிரேக்கும் தின்றுவிடும். மிஞ்சிய வேகம் அடுத்த மேட்டின் அடிவாரத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம்தான் கூட வரும். கல்லட்டியில் ஒருவர் தனக்கேற்ற கியரைப் போட்டு, மூச்சையும் மிதியையும் ஒரே தாளத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பெரார்கஞ்ச் சாலையில் தாளம் பிடிபடுவதற்குள் ஏற்றம் முடிந்துவிடும். அதனால் மேட்டில் எழுந்து நின்று முட்டி மோதுவதைவிட, அடிவாரத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவது நல்லது. முன்பல்சக்கரம் சிறியதாக உள்ள வண்டி இங்கே மானத்தைக் காக்கும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து உலக அரங்குக்குப் போன டெபோரா ஹெரால்டும் ஈசோ ஆல்பனும் மலையேறிகள் அல்லர். இருவரும் வட்டத் தடத்தில் சில நொடிகளில் வெடித்துப் பாயும் சைக்கிள் விரைவோட்டக்காரர்கள். சுவிட்சர்லாந்தின் ஐகிளில் 2018இல் நடந்த இளையோர் உலகப் போட்டியில் ஈசோ கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். அதற்கு அந்தமான் மேடுகளைக் காரணம் காட்டுவது மிகையாகிவிடும். பயிற்சி நடந்தது டெல்லி வெலோட்ரோமில்.

பெரார்கஞ்சிலிருந்து கிழக்கே பிரிந்து விம்பர்லிகஞ்ச் வழியாகப் பம்பூபிளாட் ஜெட்டிக்கு இறங்கும் சாலைதான் இந்த வட்டாரத்தின் சிறந்த சைக்கிள் வழி. ஜெட்டியில் வாகனப் படகில் ஏறினால் கால் மணி நேரத்தில் சாத்தம். 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலையின் வாசலருகே போர்ட் பிளேரைத் தொட்டுவிடலாம். வந்த வழியே திரும்பாமல் விரிகுடாவைச் சுற்றி முடிக்கும் வளையம் இது. மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கால் ஓய்ந்தவருக்குப் படகு வரம்.

தெம்பு மிச்சமிருந்தால் பம்பூபிளாட் பக்கத்து ஹோப் டவுனிலிருந்து மவுண்ட் ஹாரியட்டுக்கு ஏறலாம். வனத்துறைச் சோதனைச்சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு, கடல் மட்டத்திலிருந்து தேசியப் பூங்காவின் உச்சி வரை ஏறும் ஒரே ஏற்றம். இந்த வட்டாரத்தில் மலைச்சாலை என்று சொல்லத்தக்கது இது ஒன்றே. பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்புறம் இருந்த தென்னைகளும் கலங்கரை விளக்கமும் இங்கிருந்து தெரியும் காட்சிதான். 1891 போருக்குப் பின் மணிப்பூர் மன்னர் குலசந்திர சிங்கும் அவருடைய ஆட்களும் இங்கே சிறை வைக்கப்பட்டதால், 2021இல் மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயரிடப்பட்டது. 1872 பிப்ரவரி 8 மாலை வைஸ்ராய் மேயோ பிரபு சூரியன் மறைவதைப் பார்க்க இந்த மலைமீது ஏறினார். இருட்டில் இறங்கி ஹோப் டவுன் ஜெட்டிக்கு வந்தபோது ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றார்.

இருட்டு இங்கே சீக்கிரம் வரும். தீவுகள் சென்னைக்கு வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுகிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் விழுந்துவிடும். மே, ஜூனில் காலை 5 மணிக்கெல்லாம் வெளிச்சம். ஆகவே நான்கரைக்கு எழுந்து, பத்து மணிக்குள் ஏற்றங்களை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்து போவதால் உடல் குளிர்வதில்லை. தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். இளநீர் வழியெங்கும் கிடைக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சாலை காய்ந்திருக்கும். மே பாதியில் பருவமழை தொடங்கிவிட்டால் வெட்டிய மலைச்சரிவிலிருந்து களிமண் இறங்கி வளைவுகளில் வழுக்கும்.

பெரார்கஞ்சைத் தாண்டி வடக்கே இன்னும் சில கிலோமீட்டரில் ஜிர்காடாங் சோதனைச்சாவடி. அதற்கு அப்பால் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடிக் காப்பகம். வண்டிகள் குறித்த நேரத்தில் காவலர் துணையுடன் வரிசையாகத்தான் போக வேண்டும்; நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. இந்தப் பகுதியில் சாலையை மூடும்படி 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் போக்குவரத்து ஓயவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு போக இங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. வடக்கே போக விரும்புபவர் வண்டியைப் பேருந்தின் கூரையில் கட்டிவிட்டு உள்ளே உட்கார வேண்டும். ரங்கத் வந்து இறங்கினால் மாயாபந்தர் வரை கிழக்குக் கரையை ஒட்டிய சாலை. அதன்பின் 2002இல் திறந்த செங்கப்பா பாலத்தைக் கடந்து வடக்கு அந்தமானுக்குள் நுழைந்து திக்லிப்பூர் வரை மிதிக்கலாம்.