உப்பு இருக்கிறது, சூளை?

சோடியம் அயனி பேட்டரி என்றதும், ‘வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பு கொட்டிக் கிடக்கிறதே’ என்று மார்தட்டுகிறோம். உப்பு எங்குமே மலிவு. காசு இருப்பது சூளையில். பீங்கான் ஊரான விருத்தாசலம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

இந்தப் பேட்டரியின் நேர்முனைக்கு உதவும் பொருள்களில் ஒன்று, சோடியத்தோடு இரும்பு, மாங்கனீசு போன்றவை சேர்ந்த ஆக்சைடு. மூலப்பொடிகளை அரைத்துக் கலந்து, வெப்பம் தாங்கும் தட்டுகளில் நிரப்பி, 800, 900 டிகிரியில் மணிக்கணக்கில் சுடுகிறார்கள். பீங்கான் வேலைதான், வேறென்ன? அந்த ஊரின் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டையும் அகல்விளக்கும் பொம்மையும் சுடுபவர்களுக்கு நெருப்பின் குணம் அத்துப்படி.

பீங்கானிலிருந்து பேட்டரிக்குப் போனவர்களும் உண்டு. ஜப்பானின் நகோயாவில் 1919இல் மின்கம்பப் பீங்கான் செய்யத் தொடங்கிய என்ஜிகே, 1980களில் சோடியம்-கந்தக பேட்டரியில் இறங்கியது. அதன் உயிர்நாடியே ஒரு பீங்கான் குழாய். சந்தைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது. 2025இல் அந்தத் தயாரிப்பை நிறுத்துவதாகவும் அறிவித்துவிட்டது. பொறுமை இருந்தாலும் வெற்றி நிச்சயமில்லை.

சோடியம் அயனிக்கும் ஆபத்து உண்டு. 2022இல் சீனாவில் லித்தியம் கார்பனேட் டன் ஆறு லட்சம் யுவானைத் தொட்டபோது எல்லோரும் சோடியத்தின் பக்கம் ஓடினார்கள். 2024இல் விலை ஒரு லட்சத்துக்குக் கீழே சரிந்ததும் பலருக்கு மூச்சு வாங்கியது. அமெரிக்காவின் சோடியம் பேட்டரி நிறுவனமான நேட்ரான் 2025இல் மூடப்பட்டது. ஆனாலும் சீனாவின் ஹூபேயில் 2024இலேயே 100 மெகாவாட் மணி சோடியம் சேமிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது. சீன பேட்டரி நிறுவனமான சிஏடிஎல், தன் சோடியம் செல் கிலோவுக்கு 175 வாட் மணி தரும் என்கிறது. காருக்கு எடை முக்கியம். துணைமின் நிலையத்தில் அசையாமல் கிடக்கும் பெட்டிக்கு விலையும் ஆயுளும்தான் கணக்கு.

இங்குள்ள சிறு சூளைகள் டன் கணக்கில் பேட்டரிப் பொடி சுடும் என்பது பகல்கனவு. தூய்மையில் இம்மி பிசகினாலும் மொத்தமும் வீண். ஆனால் பொடியை நிரப்பிச் சுடும் அந்தத் தட்டுகள்? சூட்டில் சோடியம் தட்டையே அரித்துவிடும். அடிக்கடி புதிது வேண்டும். உள்ளூர்க் களிமண் போதாது, முல்லைட், அலுமினா வேண்டும். அதைக் கற்றுத்தர ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சோதித்துப் பார்க்கக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சோதனைச் சூளைக்கு நிதி ஒதுக்க, பெரிய பேட்டரிப் பூங்கா அறிவிப்புகளுக்குச் செலவாகும் தொகையில் துளி போதும். பக்கத்து நெய்வேலியின் பொதுத்துறை நிறுவனமான என்எல்சியும் மின்சேமிப்பில் இறங்கியிருக்கிறது. அதன் டெண்டர்களில் உள்நாட்டுப் பொருளுக்கு மதிப்பெண் தரும்போது, செல் எங்கே பூட்டப்பட்டது என்பதோடு பொடி எங்கே சுடப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.