கல்லாவுக்குக் கேமரா சரி, கடைப் பையனுக்கு எதற்கு?

இன்று கேமரா இல்லாத கடையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. கல்லாவுக்கு மேல் ஒன்று, வாசலுக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று என்று மாட்டுவதில் குற்றம் காண முடியாது. சில்லறைத் தகராறு வந்தால் பதிவைப் போட்டுக் காட்டி அந்த இடத்திலேயே முடித்துவிடலாம். திருட்டு நடந்தால் போலீசாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் நம்மவர் பலருக்கு இது வேறொரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு செல்போனில் கடையைப் பார்க்கிறார்கள். பையன் இரண்டு நிமிடம் மூட்டை மேல் உட்கார்ந்தால் உடனே கடைக்குப் போன் வருகிறது. வாடிக்கையாளர் எதிரிலேயே அவன் திட்டு வாங்குகிறான். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. மூட்டை மேல் உட்கார்ந்தான் என்று பதிவைக் காட்டிக் கண்டிப்பவர், தாம் நாற்காலி போடாததற்குத் தாமே சாட்சி சேர்த்து வைக்கிறார்!

சரக்கு குறைகிறதே என்பார்கள். எங்கே குறைகிறது? புதுப் புளி காய்ந்து எடை இறங்கும். மழைக்காலத்தில் வெல்லம் கசியும். கொக்கி பட்ட சாக்கில் பருப்பு சிந்தும், எலியும் தன் பங்கை எடுக்கும். வந்த லோடை எடை போடாமல் சீட்டை நம்பி இறக்கினால் குறைவு அங்கேயே ஆரம்பம். இதில் எதையும் கேமரா காட்டாது. வாரம் ஒரு முறை நாலைந்து சரக்கை இருப்பு எடுத்து ஏட்டோடு ஒத்துப் பார்த்தால் தெரியும். அதற்கு முதலாளி கடையில் இருக்க வேண்டும். அதுதான் சிரமம் போலும்.

பேச்சையும் பதிவு செய்யும் கேமராவைச் சிலர் மாட்டுகிறார்கள். அது அறவே வேண்டாம். கடனுக்கு வரும் வாடிக்கையாளர் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் எடை போடும் பையனிடம்தான் சொல்வார். பெண் ஊழியர்கள் உடை மாற்றும் பக்கம் கேமரா திரும்பினால் அது கிரிமினல் குற்றம். இன்னொன்று: கேமரா மாட்டிய ஆள் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாதவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள். உங்கள் கல்லாவை நீங்கள் மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இப்போதே மளிகைக் கடையில் ஆள் நிற்பதில்லை. பழகிய பையன் கோபித்துக்கொண்டு போனால், புதிதாய் வருபவன் பருப்பில் தரம் பார்த்துச் சொல்ல ஒரு வருடமாவது ஆகும். எந்தக் கேமரா எங்கே இருக்கிறது, எதற்காக, யார் பார்க்கிறார்கள் என்பதை ஊழியர்களிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது. அடுத்த மாதக் கூட்டத்தில் நிர்வாகிகள் இதைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.