பெயரிட்டோரும் பெயர் கேட்டோரும்

முதலியார்பேட்டையில் எமது இல்லத்திற்கு நான்கு வீடு தள்ளி வாழும் குடும்பத்தில் ஒரு பெண்மகவு பிறந்தது. சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் அதற்குப் பெயரிட்டனர். யாமும் அழைக்கப்பெற்றுச் சென்றிருந்தோம். பெற்றோர் இருவரும் கல்வி வாய்ந்தவர். பல நாள் ஆராய்ந்து, 'கயல்விழி' என்னும் பெயரைத் தேர்ந்து, குழவியின் செவியில் மும்முறை ஓதினர். ஓதி நிமிருமுன்னரே கூடியிருந்தோர் வாய் திறக்கலாயினர்.

"எங்கள் அம்மாள் பெயர் மீனாட்சி, அதை வைத்திருக்கலாகாதா?" என்று குழந்தையின் பாட்டியார் கண் கலங்கினார். பாரிசில் வாழும் சிற்றப்பர் தொலைபேசி வாயிலாக, "அண்ணா, இந்தப் பெயர் இங்கே எவன் வாயில் நுழையும்?" என வருந்தினார். அண்டைவீட்டு அம்மையார், "மீனுக்குக் கண் மூடாதே; பிள்ளை எப்படியம்மா தூங்கும்?" என்று நகைத்தார். எண்கணிதம் அறிந்தாரொருவர், கூட்டுத்தொகை போதாது, ஆங்கிலத்தில் எழுதும்போது இறுதியில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்க என்றார். இன்னொருவர், "இக்காலத்தில் யார் இப்படியெல்லாம் வைக்கிறார்கள்?" என்றார், எப்படியெல்லாம் வைத்தால் அவர் மனம் நிறையும் என்பதை மட்டும் கூறினாரல்லர். குழந்தை உறங்கிக்கொண்டேயிருந்தது. தாயின் முகம் வாடியதை யாம் கண்டோம். அன்று கேட்டவையும் அதற்கு முன்னும் பின்னும் கேட்டவையும் எம் நெஞ்சை விட்டு அகலாமையின், இப்பொருள்பற்றி எம் கருத்தை அன்பர்கள்முன் வைக்கத் துணிந்தோம்.

சிற்றப்பர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. நம் ழகரத்திற்கு நேரான எழுத்து பிரெஞ்சு மொழியில் இல்லை. அம்மொழியில் மெல்லென உரசி ஒலிக்கும் ஓர் எழுத்தால் அதனைக் குறிப்பது புதுவையில் பழைய வழக்கு. அவ்வெழுத்தையே ஆங்கிலம் மட்டும் பயின்றார் ஜகரமாக வாசிப்பர். ஆதலின் பழனி 'பஜனி' ஆகின்றார். ஏழுமலை 'ஏஜுமலை' ஆகின்றார். தமிழ்ச்செல்வியும் 'தமிஜ்செல்வி' ஆகின்றாள். கயல்விழி 'கயல்விஜி' ஆவாள் என்பது சொல்லாமலே விளங்கும். அன்றியும், உகரத்திற்கு ஈரெழுத்து இடுவதும், ஈற்று னகரம் பிரெஞ்சு முறைப்படி மூக்கொலியாய்த் தேய்ந்துவிடாதிருக்க அதன்பின் ஓர் எகரம் சேர்ப்பதும் இங்குள்ள முறைமை. தமிழில் நான்கெழுத்தாகிய முருகன், இம்முறையில் பத்தெழுத்தாய் நீள்கின்றான். சென்னையில் அலுவலகம் ஒன்றனுள் நுழையும் புதுவை இளைஞன், "இது எழுத்துப்பிழையா?" என்னும் வினாவைக் கேளாது வெளிவருதல் அரிது. அது பிழையன்று, அவன் பாட்டனார் பெயரை மேரியில் எழுதிய குமாஸ்தா, தம் காதில் விழுந்த ஒலியைத் தம் எழுத்தால் காக்க முயன்றதன் அடையாளம். ஆயினும் இதனை ஒவ்வொரு மேசையின் முன்னும் நின்று எவ்வாறு விளக்குவது?

பெயர்பற்றிய வினாக்கள் பெரும்பாலும் பெயரைப் பற்றியனவாய் இருப்பதில்லை என்பதே எம் துணிபு. "யார் வைத்த பெயர்?" என்றால் வீட்டில் யார் சொல் செல்லும் என்பது கருத்து. "இது என்ன பெயர்?" என்றால் என்ன சாதி, என்ன சமயம் என்பது கருத்து. "முழுப் பெயர் யாது?" என்பதும் அவ்வகையினதே. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரினின்று விலக்குமாறு தீர்மானித்தது. அதன்பின் தமிழர் பலர் தந்தையின் பெயர் முதலெழுத்தோடு அமைந்தனர். பட்டம் போயிற்று, அதனை அறியும் ஆவல் போகவில்லை. (எம் ஊர்ப் பெயரே ஒரு பட்டத்தைத் தலையிற் சுமந்து நிற்கையில் யாம் இதனைக் கூறுவது நகைப்பிற்கிடமெனின், நகைத்துக்கொள்க.)

புதுவை இவ்வினாவிற்கு முன்னரே ஒரு விடை கண்டது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் வெளிவந்த ஆணைப்படி, இந்தியர் தம் சாதி சமயவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தின்கீழ் வரலாயினர். அவ்வாறு துறந்தார் ஒரு குடிப்பெயரைத் தேர்ந்து பதிதல் வேண்டும். இவர்களையே ரெனோன்சான் என்பர். காலணியோடு நீதிமன்றம் புகும் உரிமைக்காக வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'லபோர்த்து' என்பதைத் தம் குடிப்பெயராகக் கொண்டார். வாயில் என்பது அதன் பொருள். பட்டம் இருந்த இடத்தில் ஒரு வாயிலைத் திறந்து வைத்தாரென யாம் எண்ணி மகிழ்வதுண்டு. ஆயினும் அவ்வாறு பெயர் கொண்டாருடைய கொள்ளுப்பேரர் இன்று தமிழ்நாட்டில் எங்குச் சென்றாலும், "நீர் தமிழரா?" என்ற வினாவிற்கு விடையிறுத்தே தம் பேச்சைத் தொடங்குகின்றனர்.

பெயரில் தலையிடும் உரிமை யாருக்குண்டு? பிரெஞ்சு நாட்டில் நெடுங்காலம் அரசே அதனைத் தன் கையில் வைத்திருந்தது. நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களும் பண்டை வரலாற்றில் அறியப்பட்டோர் பெயர்களும் மட்டுமே குழந்தைகட்கு ஆகுமென 1803-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது; அது மெல்லத் தளர்ந்து, 1993-இல் நீங்கிற்று. இன்று ஒரு பெயர் குழந்தையின் நலனுக்கு ஊறாகுமெனப் பதிவாளர் கருதின் அரசு வழக்கறிஞர்க்கு அறிவிக்கலாம், முடிவு நீதிபதியினுடையது. கெம்பேர் நகரில் 2017-ஆம் ஆண்டு, ஒரு குழந்தைக்கு இட்ட 'ஃபான்ஷ்' என்னும் பிரெத்தோன் மொழிப் பெயரில், ஓர் எழுத்தின் தலைமேல் நிற்கும் சிறு சுழிக்கோடு பிரெஞ்சு எழுத்தில் இல்லையென நீதிமன்றம் மறுத்தது. பெற்றோர் விட்டாரல்லர், 2018-இல் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சுழிக்கோட்டிற்கு இடமளித்தது. ழகரத்தைப் பறிகொடுத்து வாழும் புதுவையார்க்கு இவ்வழக்கின் அருமை நன்கு விளங்கும்.

நம் நாட்டில் அத்தகைய வரையறை இல்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, பன்னிரண்டு திங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அரசு இத்துணைத் தாராளமாய் ஒதுங்கி நிற்கவே, அது கொள்ளாத அதிகாரத்தைச் சுற்றத்தாரும் தெருவாரும் ஏற்றுக்கொண்டனர் போலும்!

பாட்டியாரை மட்டும் இக்கூட்டத்தில் சேர்க்க எமக்கு மனமில்லை. அவர் வினாவிற்கு வேர் உண்டு. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்பது பொருள். இறந்தாரை மீண்டும் அழைக்கும் வழியாக நம் முன்னோர் இதனைக் கண்டனர். இடர்ப்பாடும் இதிலேயே தோன்றிற்று. மாமனார் பெயரை வாயாற் சொல்லலாகாத மருமகள், அப்பெயர் பூண்ட தன் மகனை எங்ஙனம் அதட்டுவாள்? 'ராசா' என்றும் 'தம்பி' என்றும் ஒரு வீட்டுப்பெயர் பிறந்தது இதனாலேயே. பள்ளியிற் சேர்க்கும்வரை தன் உண்மைப் பெயரை அறியாத பிள்ளைகளை யாம் கண்டிருக்கிறோம்.

புதுப்பெயரென்று நகைப்பார் ஒன்றை மறக்கின்றனர். இன்று பழையதாய் வழங்கும் பெயர் பலவும் ஒருகாலத்துப் புதியனவே. பவுல் என்பதன் இலத்தீன் மூலத்திற்குச் 'சிறியன்' என்பது பொருளாதலின் சின்னப்பன் என்று தமிழாக்கிய கத்தோலிக்கரை எண்ணுக. அப்பெயர் இன்று எவர் செவிக்கும் அயலாய் ஒலிப்பதில்லை. 1916-ஆம் ஆண்டளவில் தனித்தமிழ் கொண்ட சுவாமி வேதாசலம், மறைமலையடிகள் ஆனதோடமையாது, தம் மக்கட்கும் பெயரை மாற்றினார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். அடுத்த தலைமுறையில் இராமையா அன்பழகன் எனவும், நாராயணசாமி நெடுஞ்செழியன் எனவும் தமக்குத் தாமே பெயர் சூடினர். இன்று அன்பழகன் என்பானைக் கண்டு யாரேனும் புருவம் உயர்த்துவரோ?

பெற்றோர் உறுதியாய் நின்ற நிகழ்ச்சியொன்று யாவரும் அறிந்ததே. 1953 மார்ச்சு முதல் நாள் பிறந்த மகனுக்கு, அம்மாதம் ஐந்தாம் நாள் மறைந்த உருசியத் தலைவர் பெயரை இட்டார் மு. கருணாநிதி. அப்பெயரை மாற்றினால் சேர்த்துக்கொள்வோம் எனப் பள்ளியொன்று கூற, பள்ளியை மாற்றினும் பெயரை மாற்றேன் எனத் தந்தை மறுத்ததை, 2021-இல் தமிழ்நாட்டு முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அம்மகன் தாமே மேடைகளில் கூறியுள்ளார். அந்த உருசியத் தலைவர்பால் எமக்கு மதிப்பில்லை. ஆயினும் ஐந்து பிராயக் குழந்தையிடமிருந்து பெயரைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லும் கல்வி எத்தகைத்து என்றே கேட்கத் தோன்றுகின்றது.

அங்ஙனமாயின் எப்பெயரையும் யாரும் ஒன்றும் சொல்லலாகாதோ எனின், அற்றன்று. பெண்மகவு போதுமென்று 'வேண்டாம்' எனவும் 'போதும்பொண்ணு' எனவும் பெயரிடும் கொடுமை தமிழ்நாட்டிலும் உண்டு. மராட்டிய நாட்டிலும் 'நகுசா' என்பர். வேண்டாதவள் என்பதே பொருள். 2011-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சதாரா மாவட்டத்தில் அப்பெயர் பூண்ட 285 சிறுமியர் ஒருங்கே கூடி, தாம் விரும்பிய புதுப்பெயர் பெற்றனர். அங்கு வாய் திறந்தோர் நற்பணியே செய்தனர். பெயர் குழந்தையைக் காயப்படுத்துமாயின் பேசலாம், பேசவும் வேண்டும். பேசுவோரைக் காயப்படுத்தும் பெயராயின், அவர் தம் காயத்தைத் தாமே ஆற்றிக்கொள்ளட்டும்.

இவ்வேறுபாட்டை யாம் நூலிற் கற்றோமல்லோம். ஆசிரியப்பணி ஏற்ற முதலாண்டில், வருகைப்பட்டியலை வாசிக்கும்போது 'பிச்சை' எனத் தொடங்கும் பெயரொன்றைக் கண்டு, "இந்நாளில் இப்படியும் பெயரிடுவார் உளரோ?" என்று வகுப்பு முழுதும் கேட்க மொழிந்தோம். அறுபது மாணாக்கரும் நகைத்தனர். அம்மாணாக்கனும் உடன் நகைத்தான். நகைத்தமையால் பிழையொன்றுமில்லையென யாம் எண்ணினோம். ஆண்டிறுதியில் அவன் தாயார் மகனுடைய சான்றிதழ் வாங்க வந்திருந்தார். அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நான்காவதைப் பிறந்தவுடன் அண்டைவீட்டாருக்குக் கொடுத்து, தவிட்டுக்கு வாங்கிக்கொண்டு, நமன் கண்ணில் மதிப்பற்றதாய்த் தோன்றுமாறு அப்பெயரை இட்டனராம். குப்பைமேட்டிற் புரட்டிக் குப்புசாமி என்றழைப்பதும் இவ்வகையினதே. "ஐயா அன்றைக்குக் கேட்டீர்களாம். பையன் வீட்டிற்கு வந்து, வேறு பெயர் வைக்கக்கூடாதா அம்மா என்று அழுதான்" என்றார் அவர். கடிந்து கூறினாரல்லர், ஐயம் தெளிவிப்பதுபோலவே கூறினார். என்ன விடை கூறினோம் என்பது எமக்கு நினைவில்லை. அன்றுமுதல் பட்டியலிற் புதிய பெயரைக் கண்டால், எவ்வாறு ஒலிப்பது என்பதொன்றையே கேட்டு வருகின்றோம்.

கயல்விழியின் பெற்றோர் நகராட்சி அலுவலகம் சென்று, விழி என்பதைப் புதுவைப் பழைய முறையிலேயே எழுதிப் பதிந்தனர். தாத்தாவின் பிரெஞ்சுச் சான்றிதழில் ழகரம் நின்ற எழுத்தே பேத்தியின் பெயரிலும் நிற்கட்டுமெனத் தந்தை கூறினார். பாட்டியார் மூன்று திங்கள் அப்பெயரைச் சொல்லவேயில்லை. மீன் போன்ற கண்ணினள் என்பதே மீனாட்சி என்பதன் பொருளும் என ஒருநாள் யாம் கூறியபோது, "அதை அன்றே ஒருவரும் சொல்லக்கூடாதா?" என்று எம்மையே சினந்தார். இப்பொழுது அவர் மீனாட்சி என அழைக்கின்றார். தாய் கயல் என அழைக்கின்றாள். குழந்தை இரண்டிற்கும் திரும்பிப் பார்க்கின்றது.