சவாரிக்கு முன் சாப்பாடு!

ஊர் சுற்றப் புறப்படும் குடும்பம் எதைப் பற்றி அதிகமாகப் பேசுகிறது?

எந்த ராட்டினத்தில் ஏறலாம், எந்தப் படகில் போகலாம், எங்கே நின்று படம் எடுக்கலாம் என்றுதான் பேசுகிறது.

எங்கே சாப்பிடுவது? அதைப் பற்றி யாரும் பேசுவது இல்லை. "அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டு விடுகிறார்கள்.

அங்கேதான் வருகிறது வினை!

பகல் 1 மணி. வெயில் கொளுத்துகிறது. குழந்தை அழுகிறது. பாட்டி மாத்திரை சாப்பிட வேண்டிய நேரம் தாண்டி விட்டது. எல்லாக் கடையிலும் நீண்ட வரிசை. கடைசியில், கண்ணில் பட்ட கடையில், கேட்ட விலையைக் கொடுத்து, பிடிக்காத பண்டத்தை வாங்கித் தின்கிறார்கள். பணமும் போகிறது; அரை நாளும் போகிறது.

விளையாட்டுப் பூங்காவுக்குப் போகிறவர்கள் சவாரியைப் பிறகு முடிவு செய்யலாம். சாப்பாட்டை முதலில் முடிவு செய்ய வேண்டும். இது என் கட்சி.

முதல் நாள் பட்ட பாடு

இந்தப் பூங்காக்களுக்கு எல்லாம் வழிகாட்டி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள டிஸ்னிலேண்ட். மிக்கி எலியைப் படைத்த வால்ட் டிஸ்னி அதைக் கட்டினார். 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி திறப்பு விழா நடந்தது.

அன்று என்ன ஆயிற்று தெரியுமா?

கள்ள டிக்கெட்டுடன் பலர் நுழைந்து விட்டார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான கூட்டம். கடும் வெயில். கடைகளில் இருந்த சாப்பாடு தீர்ந்து போயிற்று. குழாய் வேலைக்காரர்களின் வேலை நிறுத்தத்தால், குடிதண்ணீர்க் குழாய்கள் பல வேலை செய்யவில்லை. ஜனங்கள் தவித்துப் போனார்கள்.

கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய இடம்! கோட்டை இருந்தது. ரெயில் இருந்தது. தண்ணீரும் சோறும் இல்லை என்றதும் எல்லாம் கசந்து விட்டது.

இந்தப் பாடத்தைக் கம்பெனி நன்றாகப் படித்துக் கொண்டது. குடும்பங்கள்தான் இன்னும் படிக்கவில்லை!

எத்தனை விதக் கடைகள்!

இப்போது புளோரிடா மாநிலத்தில் ஆர்லண்டோ நகரத்துக்கு அருகே இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டைப் பார்ப்போம். 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. இன்று அதற்குள் 4 பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் நம் ஊர்ப் பெற்றோர்களும் அங்கே போய் வருகிறார்கள்.

அங்கே சாப்பாட்டுக்கு 4 வழிகள்.

ஒன்று, தள்ளுவண்டி. ஐஸ்கிரீம், சோளப்பொரி, வான்கோழிக் கால் எல்லாம் கிடைக்கும். நின்றபடி தின்ன வேண்டும்.

இரண்டு, நாமே வரிசையில் நின்று வாங்கி வந்து உட்கார்ந்து சாப்பிடும் கடை. கைபேசி மூலம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், வரிசையில் நிற்காமல் வாங்கிக் கொள்ளலாம்.

மூன்று, மேசைக்கு வந்து பரிமாறும் ஓட்டல். இதற்கு 60 நாளைக்கு முன்பிருந்தே இடம் பதிவு செய்யலாம். பேர் பெற்ற ஓட்டல்களில் இடம் சீக்கிரம் தீர்ந்து விடும். பதிவு செய்து விட்டுச் சொல்லாமல் நின்று விட்டால், பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று அபராதம் உண்டு.

நான்கு, மிக்கி எலி முதலிய வேஷக்காரர்கள் மேசைக்கு மேசை வந்து, குழந்தைகளோடு கை குலுக்கும் விருந்து. விலை அதிகம்.

விலைப் பட்டியலைப் பார்த்து ஏமாந்து விடக் கூடாது. அதில் போட்டிருக்கும் விலைக்கு மேல் வரி சேரும். பரிமாறுகிறவருக்கு நூற்றுக்கு 15 முதல் 20 வரை இனாம் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். 6 பேர் அல்லது அதற்கு மேல் போனால், டிஸ்னி ஓட்டல்களில் நூற்றுக்கு 18 வீதம் அவர்களே பில்லில் சேர்த்து விடுவார்கள். அதைக் கவனிக்காமல் மறுபடியும் இனாம் கொடுக்கிறவர்கள் உண்டு!

யாரைக் கேட்டு முடிவு செய்வது?

வீட்டில் யார் சம்பாதிக்கிறாரோ, அவர் முடிவு செய்வது வழக்கம். அல்லது யார் அடம் பிடிக்கிறாரோ, அவர் முடிவு செய்கிறார். இரண்டும் சரி அல்ல.

குடும்பத்தில் மிக வயதானவர் யார்? மிகச் சிறிய குழந்தை எது? அந்த இருவருக்கும் ஏற்ற இடமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் இருவரும் வயிறு நிறைந்து, நிழலில் உட்கார்ந்து விட்டால், மற்றவர்கள் எப்படியும் சமாளித்துக் கொள்வார்கள்.

நேரம் முக்கியம். எல்லாரும் 12 மணிக்கும் 1 மணிக்கும் சாப்பிடப் போவார்கள். நாம் 11 மணிக்கே போய் விட வேண்டும். கூட்டம் சாப்பிடப் போகும்போது, நாம் சவாரிக்குப் போகலாம். அங்கேயும் வரிசை கொஞ்சம் குறைந்திருக்கும்.

வேஷக்காரர் விருந்து வேண்டுமா? குழந்தைக்கு 3 வயது ஆகாவிட்டால் அந்த விருந்தில் அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பெரியவர்கள் பணம் கட்டத்தான் வேண்டும். குழந்தைக்கோ பிற்பாடு எதுவும் நினைவிருக்காது. 3 முதல் 9 வயது வரை சிறுவர் கட்டணம். 10 வயது ஆகி விட்டால் பெரியவர் கட்டணம். ஆகவே 5, 6 வயதில் குழந்தை இருந்தால், ஒரு தடவை போகலாம். ஊர் பார்க்க என்று வந்து விட்டு, எல்லாவற்றுக்கும் கருமித்தனம் காட்டக் கூடாது. ஒரு தடவை போதும். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள்

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறி சூப் என்று பெயர் இருக்கும். உள்ளே கோழிச் சாறு இருக்கலாம். அவரைக் கொட்டைக் கறியில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கலாம். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. "இறைச்சிச் சாறு உண்டா? மீன் உண்டா?" என்று தனித் தனியாகக் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். சமையல்காரரே வந்து பதில் சொல்லும் ஓட்டல்கள் அங்கே உண்டு.

அனிமல் கிங்டம் பூங்காவைச் சேர்ந்த விடுதியில் சனா என்று ஓர் ஓட்டல் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்தது. அங்கே நான் ரொட்டியும், தொட்டுக் கொள்ள 9 வகைத் துவையல், ஊறுகாய் முதலியவையும் பேர் போனவை. ஜன்னல் வழியாக ஒட்டகச் சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்வதைப் பார்க்கலாம். பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே மேசையில் சந்தோஷம் கிடைக்கும் இடம் இது.

கட்டுச்சோறு கேவலமா?

நம் முன்னோர்கள் திருவிழாவுக்குப் போனால் கட்டுச்சோறு கட்டிக் கொண்டு போனார்கள். இன்று அதைச் சிலர் கேவலமாக நினைக்கிறார்கள். "அமெரிக்காவுக்கு வந்தும் புளிச்சோறா?" என்று கேலி செய்கிறார்கள்.

டிஸ்னி கம்பெனியே அதைக் கேவலமாக நினைக்கவில்லையே!

வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் நம் சாப்பாட்டை நாம் கொண்டு போகலாம். சில விதிகள் மட்டும் உண்டு. மது கூடாது. கண்ணாடிப் பாத்திரம் கூடாது. சிறிய குழந்தை உணவுப் புட்டிக்கு மட்டும் விலக்கு. சூடு பண்ண வேண்டிய உணவாக இருக்கக் கூடாது. பெட்டி 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்கு மேல் போகக் கூடாது. குளிர்பானம் விற்கும் சாப்பாட்டுக் கடைகளில் கேட்டால், ஐஸ் போட்ட குடிதண்ணீர் ஒரு குவளை காசு இல்லாமல் கொடுப்பார்கள்.

ஆகவே என் யோசனை இதுதான். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் ஓட்டலில் சாப்பிடுங்கள். அதை நல்ல ஓட்டலாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். மற்ற வேளைக்குச் சப்பாத்தி, புளிச்சோறு, பழம் என்று கையில் கொண்டு போங்கள். பசித்த நேரத்தில் சாப்பிடலாம். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

எல்லாப் பூங்காவும் ஒன்று அல்ல. அதே ஆர்லண்டோவில் யூனிவர்சல் பூங்கா இருக்கிறது. அங்கே தண்ணீர், சிறு தின்பண்டம், குழந்தை உணவு, வைத்தியத்துக்கு வேண்டிய உணவு ஆகியவற்றை மட்டும் அனுமதிப்பார்கள். முழுச் சாப்பாட்டு மூட்டைக்கு இடம் இல்லை. டோக்கியோ டிஸ்னிலேண்டில் கட்டுச்சோற்றை வாசலுக்கு வெளியே உள்ள இடத்தில்தான் சாப்பிட வேண்டும். போவதற்கு முன்பே விதியை விசாரித்துக் கொள்வது நல்லது.

ஒரு மாணவி தொடுத்த வழக்கு

சீனாவில் ஷாங்காய் நகரத்தில் 2016-ம் ஆண்டு டிஸ்னி பூங்கா திறக்கப்பட்டது. பிறகு, வெளியிலிருந்து சாப்பாடு கொண்டு வரக் கூடாது என்று தடை போட்டார்கள். வாசலில் பையைத் திறந்து சோதித்தார்கள்.

ஒரு சட்டக் கல்லூரி மாணவி தின்பண்டத்துடன் போனாள். தடுத்தார்கள். அவள் சும்மா இருக்கவில்லை. 2019-ம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தாள். "அமெரிக்காவிலும் பாரீசிலும் உள்ள உங்கள் பூங்காக்களில் அனுமதிக்கிறீர்களே, இங்கே மட்டும் ஏன் தடை?" என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது.

முடிவு? அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி விதியை மாற்றியது. சொந்த உபயோகத்துக்கு உணவு கொண்டு வரலாம் என்று அறிவித்தது. வழக்கும் சமரசமாக முடிந்தது.

பாரீசிலும் இப்படித்தான். 1992-ல் அங்கே டிஸ்னி பூங்கா திறந்தபோது, பூங்காவுக்குள் ஒயின் கிடையாது என்றார்கள். சாப்பாட்டோடு ஒயின் குடித்துப் பழகிய பிரெஞ்சுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1993-ல் கம்பெனி இறங்கி வந்தது. குடி நல்லது என்று நான் சொல்லவில்லை. ஜனங்களின் சாப்பாட்டுப் பழக்கத்துக்குக் கம்பெனிதான் வளைந்தது என்று சொல்கிறேன்.

நம் நாட்டில்?

நம் நாட்டுப் பூங்காக்கள் பலவற்றில் வெளி உணவுக்குத் தடை இருக்கிறது. சட்டம் எப்படி? சினிமாத் தியேட்டர்களைப் பற்றி 2023-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு என்றது. ஆனால் சுத்தமான குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு உரிய உணவைப் பெற்றோர் கொண்டு போகலாம் என்றும் சொன்னது.

சினிமா 3 மணி நேரம். பூங்காவோ ஒரு முழு நாள்! 3 மணி நேரம் பசி தாங்கலாம். நாள் முழுவதும் தாங்க முடியுமா?

பூங்காக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. "சாப்பாட்டு மூட்டை வந்தால் குப்பை சேரும். எங்கள் ஓட்டல் நஷ்டப்படும்" என்கிறார்கள். குப்பை போடுகிறவருக்கு அபராதம் போடட்டும். ஓட்டலில் நல்ல சாப்பாட்டை நியாயமான விலைக்குப் போடட்டும். ஜனங்கள் தாமாக வருவார்கள். சாப்பாடு கொண்டு வர அனுமதிக்கும் டிஸ்னி வேர்ல்டில், 60 நாளைக்கு முன்பே ஓட்டலுக்கு இடம் பிடிக்கிறார்களே! கட்டுச்சோறு அந்த ஓட்டல்களைக் கெடுத்து விட்டதா?

சர்க்கரை வியாதிக்காரர் வேளா வேளைக்குச் சாப்பிட வேண்டும். கூலி வேலை செய்து, வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டி வருகிற தகப்பனிடம், டிக்கெட் வாங்கிய பிறகு அதிகப் பணம் இருக்காது. அவர்களுடைய சாப்பாட்டுப் பாத்திரத்தை வாசலில் பிடுங்கி வைப்பது தர்மம் அல்ல.

பெற்றோர்களே! டிக்கெட் வாங்குவதற்கு முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: "சாப்பாடு கொண்டு வரலாமா?" கூடாது என்று பதில் வந்தால், "ஏன்?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் யோசிப்பார்கள்.