அக்கலேசியா: அளக்காமல் அறுக்க வேண்டாம்

சோறு தொண்டையைத் தாண்டிவிடுகிறது, நெஞ்சில்தான் நின்றுகொள்கிறது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, எழுந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்தால் மெல்ல இறங்கும். ராத்திரி படுத்தால் தின்றது அப்படியே வாய்க்குத் திரும்பும். அக்கலேசியாவோடு எங்களிடம் வருகிறவர்களில் பலர், அதற்கு முன் ‘கேஸ்’ என்றும் ‘அல்சர்’ என்றும் சொல்லப்பட்டு நெடுநாள் அமில மாத்திரை விழுங்கியவர்கள். உணவுக்குழாய் அறுவை மருத்துவர்களாகிய எங்கள் சங்கம் இந்த நோயின் சிகிச்சை பற்றித் தன் நிலைப்பாட்டை இங்கே வெளியிடுகிறது.

உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. விழுங்கும்போது அது இளக வேண்டும். அதை இளக வைக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால் தசை இறுகியே கிடக்கிறது. உணவைக் கீழே தள்ளும் குழாயின் அலையசைவும் கெட்டுவிடுகிறது. ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் ஒருவருக்கு வரும் அரிய நோய் இது. அழிந்த நரம்பை எந்த மருந்தும் எந்தக் கத்தியும் மீட்பதில்லை. நாங்கள் செய்வதெல்லாம் வாசலைத் தளர்த்துவதுதான். இதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வாசலைத் தளர்த்தும் வேலை பழையது. 1674இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், திமிங்கல எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி ஒரு நோயாளியின் உணவைத் தள்ளவைத்ததை எழுதினார். 1913இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தத் தசையை வெளியிலிருந்து நீளவாக்கில் கீறினார். இன்று அதையே லேப்ராஸ்கோபியில் செய்கிறோம். 2008இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே, வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, உட்சவ்வுக்கு அடியில் சுரங்கம்போல் வழி செய்து தசையைக் கீறினார். ‘போயம்’ என்பது அதுதான். பலூனை விட்டுத் தசையை விரிக்கும் முறையும் உண்டு.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒன்றே சிறந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. 2011இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் 201 நோயாளிகள். இரண்டு ஆண்டு முடிவில் பலூனில் 86 சதவீதம், ஹெல்லர் அறுவையில் 90 சதவீதம் பேர் நலம். 2019இல் போயமையும் ஹெல்லரையும் 221 பேரிடம் ஒப்பிட்டபோது நலமடைந்தவர்கள் போயமில் 83 சதவீதம், ஹெல்லரில் 82 சதவீதம். ஆனால் அதே ஆய்வில் இரண்டு ஆண்டு கழித்து எண்டோஸ்கோபியில் பார்த்தபோது, அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணானது போயமில் 44 சதவீதம் பேருக்கு, ஹெல்லரில் 29 சதவீதம் பேருக்கு. போயமைத் ‘தழும்பே இல்லாத சிகிச்சை’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கும் கையெழுத்தை நாங்கள் சம்மதமாக ஏற்கவில்லை.

ஹெல்லர் அறுவை செய்கிறவர்களுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. தசையைக் கீறிவிட்டு, வயிற்றின் மேல்பகுதியை மடித்து அரைவட்டமாகத் தைக்காமல் வெளியே வரக்கூடாது. 2004இல் வெளியான 43 பேர் ஆய்வில், தைக்காதவர்களில் 48 சதவீதம் பேருக்கு அமில எதுக்களிப்பு. தைத்தவர்களில் 9 சதவீதம்.

எங்கள் நிலைப்பாட்டின் மையம் முறைத் தேர்வில் இல்லை, அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. எண்டோஸ்கோபி, பேரியம் எக்ஸ்ரே, குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி ஆகிய மூன்றும் இல்லாமல் திட்டமிட்ட சிகிச்சை எதையும் தொடங்கக் கூடாது. வயிற்றின் மேல்வாயில் வளரும் புற்றுநோய் அக்கலேசியாபோலவே வேஷம் போடும். வயதானவருக்குச் சில மாதங்களிலேயே விழுங்க முடியாமல் போய் எடையும் வேகமாகக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். உண்மையான அக்கலேசியாவிலும் மூன்று வகைகள் உண்டு. மூன்றாம் வகையில் குழாயின் தசை இசிவுகொண்டு இறுகுவதால் கீறல் மேலே நெடுகப் போக வேண்டும். அங்கே போயமே முதல் தேர்வு. முதலிரண்டு வகைகளில் மூன்று முறைகளுமே பொருந்தும். எந்த வகை என்பதை மேனோமெட்ரிதான் சொல்லும். அறுவைக்குப் பணம் தரும் காப்பீடு, அந்தச் சோதனைக்கும் தர வேண்டும் என்று கேட்கிறோம்.

நாற்பது வயதுக்குட்பட்ட ஆண்களிடம் பலூன் அவ்வளவாக நிலைப்பதில்லை. பலூன் குழாயைக் கிழித்துவிடவும் கூடும். உடனே தைக்க அறுவைக் குழு இல்லாத இடத்தில் அதைச் செய்ய வேண்டாம். தசையை இளக்கப் போடும் போட்டாக்ஸ் ஊசியின் பலன் பெரும்பாலும் ஓராண்டுக்குள் தேய்ந்துவிடும்; மயக்க மருந்தைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு மட்டும் போதும். உணவுக்குழாயையே அகற்றுவது, குழாய் விரிந்து வளைந்து வேறு வழியே இல்லாமல் போனவர்களுக்கு.

எந்த முறை செய்தாலும் தொடர் கண்காணிப்பு வேண்டும். சில ஆண்டுகளில் அடைப்பு திரும்பலாம். நெடுங்காலம் இந்த நோய் இருந்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம்.

கடைசியாக, இதைப் படிக்கும் உங்களுக்கு. திடமான உணவோடு தண்ணீரும் சேர்ந்து நெஞ்சில் நிற்கிறது என்றால், அதை மருத்துவரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் முதலில் எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். அது ‘நார்மல்’ என்று வந்தும் சாப்பாடு இறங்கவில்லையென்றால், மேனோமெட்ரி எங்கே செய்கிறார்கள் என்று கேளுங்கள்.