பக்கத்து வீட்டுக் கல்யாணம்



தை பிறந்துவிட்டது. கவரைப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரை ஜி.என்.டி. சாலையோர மண்டபங்களில் இனி முகூர்த்த நாள்தோறும் வாழைமரமும் சீரியல் விளக்கும்தான். சிறுவாபுரி முருகன் கோயிலில் செவ்வாய்க்கிழமை வரிசையும் நீண்டுகொண்டே போகிறது. வரன் தேடுகிறவர்கள் அங்கே நெஞ்சுருகி நிற்கும் இடம் வள்ளி மணவாளர் சந்நிதி. ஆறு செவ்வாய் வந்து கும்பிட்டால் கல்யாணம் கூடிவரும் என்பது நம்பிக்கை. வள்ளியின் கையைப் பற்றியபடி மணக்கோலத்தில் நிற்கிறார் முருகன். வேடர் குடியில் வளர்ந்த பெண்ணைத் தேடிப்போய்க் கைப்பிடித்தவர் அவர். அந்தக் கல்யாணம் நடந்த தலம் என்று நம் மாவட்டத்துத் திருத்தணியைச் சொல்கிறோம். வேற்றுக் குடி வழக்கங்களை நம் மணவறைக்குள் கொண்டுவருவதைப் பற்றிப் பேச இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பேச்சைத் தொடங்கி வைத்தவர்கள் நீங்கள்தான். "மெஹந்தி, சங்கீத், ஹல்தி எல்லாம் வைக்க ஆசை. வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்ய?" என்று கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள் பலர் எழுதுகிறீர்கள். ஆசையிருந்தால் வையுங்கள். ஆடிப் பாடுவதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஹல்திக்கு மஞ்சள் திரையும் மஞ்சள் உடையும் வாடகைக்குத் தேடுகிற அதே வீட்டில், நலங்கு வைக்கத் தெரிந்த அத்தை ஒருவர் யாராவது கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருப்பார். அவரையும் மனையருகே உட்கார வையுங்கள். எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. நாம் இரவல் வாங்குகிற சடங்கெல்லாம் கைப்பேசித் திரையிலிருந்தே வருகிறது. ஒரு சுவர் தள்ளிக் குடியிருப்பவர்கள் எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

நம் பக்கத்தில் முதல் அண்டை வீடு தெலுங்கு வீடு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் போராடிப் பெற்ற எல்லை அது. நிலத்தில் கோடு விழுந்தாலும் குடும்பங்களுக்குள் விழவில்லை. பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரண்டு மொழியிலும் அச்சடித்த பத்திரிகை இன்றைக்கும் வீடு தேடி வருகிறது.

போன ஆவணியில் சுண்ணாம்புக்குளம் அருகே அப்படி ஒரு கல்யாணம். பையன் தமிழ், பெண் தெலுங்கு. முந்தைய இரவு மண்டபத்துச் சமையற்கட்டில் சீரகத்தையும் வெல்லத்தையும் அம்மியில் வைத்து அரைத்தது பையனின் தாயார். சீரகம் மசியாமல் உருண்டது. அவர் சொம்பை எடுக்கப் போக, பெண்ணின் தாயார், "தண்ணி வேண்டாம் வதினா, வெல்லமே எளகி வரும்" என்றார். கொஞ்ச நேரத்தில் இளகித்தான் வந்தது. விடிந்ததும், மணமக்கள் நடுவே இருவர் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொள்ள, துணிக்கு மேலாகக் கையை நீட்டி, வெற்றிலையில் வைத்த அந்த விழுதைப் பெண் தலையில் பையனும் பையன் தலையில் பெண்ணும் ஒரே நொடியில் வைத்து அழுத்தினார்கள். தெலுங்கு வீடுகளில் சுபமுகூர்த்தம் என்பது இந்த நொடிதான். தாலி பிறகுதான் ஏறும். கெட்டிமேளம் கேட்டதும் பெண் வீட்டார் அட்சதை போட்டார்கள். தாலிக்கென்று அட்சதையை மடக்கிப் பிடித்திருந்த நம்மவர்களும் பார்த்துவிட்டுச் சேர்ந்து போட்டார்கள். தாலி கட்டும்போது எல்லோருமாக மறுபடியும் போட்டார்கள்.

சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்தபின் பிரிக்க முடியாது என்பது அந்தச் சடங்குக்குச் சொல்லும் பொருள். எனக்குப் பிடித்தது, அதை இருவரும் ஒருவருக்கொருவர் செய்வது. தாலியில் கட்டுபவரும் கட்டிக்கொள்பவரும் வேறு வேறு. இங்கே இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்கின்றன. அடுத்து வரும் தலம்பிராலுவும் அப்படித்தான்: மஞ்சள் கலந்த அரிசியை இருவரும் மாற்றி மாற்றித் தலையில் கொட்டிக்கொள்வார்கள். கடைசியில் அது போட்டியாகி மணவறையே சிரிக்கும். வேறு வழக்கம் எதையாவது சேர்த்துக்கொள்ள விரும்பும் தமிழ் ஜோடிக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான். ஒரு கைப்பிடி சீரகம், ஒரு படி அரிசி; செலவு அவ்வளவுதான்.

அடுத்த அண்டை வீட்டைப் பார்க்க, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வாருங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று எத்தனையோ மாநிலத்துப் பிள்ளைகள் இங்கே ஷிப்டு பார்க்கிறார்கள். பெரும்பாலோர் கல்யாணத்துக்கு ஊருக்குத்தான் போகிறார்கள். குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ஒடியா கல்யாணத்தில் மணமக்களின் கைகளைச் சேர்த்துவைத்துத் தர்ப்பையால் கட்டுவார்கள். பெண்ணின் சகோதரன் பொரி அள்ளிக் கொடுப்பான். நம் வீடுகளிலும் பொரியிடுவது பெண்ணின் உடன்பிறந்தவன்தானே!  வங்காளப் பெண்களும் ஒடியாப் பெண்களும் நாக்கைச் சுழற்றி எழுப்பும் மங்கல ஒலியை முதன்முறை கேட்கிற நம் தென்மாவட்டத்துக்காரர், இது எங்கள் ஊர்க் குலவை அல்லவா என்பார். உங்கள் லைன் வீட்டில் அப்படி ஒரு அக்கா இருந்தால், முகூர்த்தத்துக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் நிற்க வையுங்கள்.

கும்மிடிப்பூண்டியிலேயே, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில், நம் மொழி பேசுவோரின் இன்னொரு கல்யாண வழக்கம் இருக்கிறது. நல்ல நாள் பார்த்து, தாலிக்கான பொன்னை உறவினர் கண்முன்னே உருக்குவார்கள். பொன்னுருக்கல் என்று பெயர். கடையில் ரசீதோடு வாங்கி வருகிற தாலிக்கும், உற்றார் சூழ நின்று உருகக் கண்ட பொன்னில் செய்த தாலிக்கும் மனத்தில் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அதே ஈழத்துக் கல்யாணங்களில் தாலிக்கொடி கனமாக இருக்கவேண்டும் என்று பவுன் எண்ணும் பழக்கமும் உண்டு. அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வடக்கிலிருந்து வந்திருக்கும், மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைத்துப் பணம் கேட்கும் விளையாட்டும் சிரிப்போடு நிற்கும்வரை சரி. எந்தச் சடங்கானாலும் சேர்ப்பதற்கு முன் பெண்ணைப் பெற்றவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அவர் இன்னொரு கடன் வாங்கவேண்டி வருமென்றால், அந்தச் சடங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உற்றார், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றலாம், விரலில் மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், அல்லது இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலாவது, இவரை ஏற்கிறேன் என்று இருவரும் சொல்லலாம். இவற்றில் ஒன்று போதும், திருமணம் செல்லும். ரோமானியர் காலத்திலிருந்தே ஐரோப்பாவில் இருந்துவரும் மோதிர வழக்கத்தை நம் சட்டமே அரை நூற்றாண்டுக்கு முன்பு உள்ளே சேர்த்துக்கொண்டது. 'புரிகிற எந்த மொழியிலும்' என்பது நம் எல்லைப்புறத்துக்கென்றே எழுதியது போல எனக்குப் படும். மணமக்கள் வெவ்வேறு மதத்தவர் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. 30 நாள் அறிவிப்பும் மூன்று சாட்சிகளும் தேவை. எந்த முறையில் நடந்தாலும் 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகம் போய்வந்தால் நல்லது.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பக்கத்து வீட்டு வழக்கம் ஏதாவது சேர்ந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். யாரிடம் கேட்டீர்கள், யார் செய்துகாட்டினார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். தமிழ் எழுதத் தெரியாத அண்டை வீட்டார் தங்கள் மொழியில் சொல்லட்டும். நீங்கள் எழுதி அனுப்புங்கள், அவர்கள் பெயரிலேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்